கோபுரம் மட்டுமா ஊர்?

உங்கள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுங்கள். மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம், அது உங்கள் சொந்த விஷயம். உச்சியில் இருக்கிற தமிழ்நாடு அரசு முத்திரையைப் பாருங்கள். ஒரு கோபுரம். அதன் முன்னால் அசோகச் சிங்கம். இரண்டு பக்கமும் தேசியக் கொடி. ‘வாய்மையே வெல்லும்’ என்று ஒரு வாசகம்.

எந்த ஊர்க் கோபுரம் அது?

பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பார்கள். மிச்சம் இரண்டு பேர் மதுரைக்காரர்களாக இருப்பார்கள். இந்தச் சண்டை இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. முத்திரையை வரைந்த ஓவியர் ஆர்.கிருஷ்ணாராவ் மதுரைக்காரர், மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தைத்தான் அவர் வரைந்தார் என்பது ஒரு கட்சி. ‘மதுரைக் கோபுரம் முழுக்க சுதைப் பொம்மைகள். முத்திரையில் பொம்மையைக் காட்டுங்கள் பார்ப்போம்! அது வடபத்ரசாயி கோயில் ராஜகோபுரமேதான்’ என்பது எதிர்க்கட்சி. வாய்மை இன்னும் வெல்லவில்லை. வழக்கு வாய்தாவிலேயே இருக்கிறது.

நான் இந்த இரண்டு கட்சியிலும் சேரப் போவதில்லை. எனக்கு வேறு ஒரு வழக்கு இருக்கிறது. எதிர்க்கூண்டில் நிற்க வேண்டியது நீங்களும் நானும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்துக்காக இவ்வளவு வரிந்துகட்டுகிறோமே, அந்தக் கோபுரத்தைத் தவிர அந்த ஊரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

நாம் போகிற லட்சணத்தைச் சொல்கிறேன், சரியா பாருங்கள். மதுரையில் காலை டிபனை முடித்துவிட்டு வண்டி எடுக்கிறோம். எழுபத்தைந்து கிலோமீட்டர். ஆண்டாள் சந்நிதியில் சிறப்பு தரிசனம், கோபுரத்தின் கீழே நின்று அண்ணாந்து ஒரு போட்டோ, வாசல் கடையில் இரண்டு கிலோ பால்கோவா. அப்புறம் குற்றாலம் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுகிறோம். ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட ஊருக்கு நாம் ஒதுக்கியது ஒன்றரை மணி நேரம். அதிலும் அரை மணி நேரம் பால்கோவாவுக்கு.

அங்கே ஒரு தடவை ஆட்டோக்காரர் ஒருவரிடம் திருமலை நாயக்கர் அரண்மனைக்குப் போக வேண்டும் என்றேன்.

“அரமனை மதுரையிலல்ல இருக்கு அண்ணாச்சி? இங்கன ஏது?”

அடையாளம் சொன்னேன். முகம் மலர்ந்தது. “அட, பழைய கோர்ட்டைச் சொல்றீகளா! அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதான?”

அவர் மேல் தப்பு இல்லை. நாயக்கர் கட்டிய மாளிகையில் நெடுங்காலம் கோர்ட் நடந்தது. கைதியும் கட்சிக்காரனும் வக்கீல் குமாஸ்தாவும் ஏறி இறங்கிய படி அது. 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவரின் தூண்களும் வளைவுகளும் உள்ளே நிற்கின்றன. மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அதுவும் ஒன்று. மதுரையில் இருக்கும் மஹாலுக்கு டிக்கெட் வாங்கி, ஒலி ஒளிக் காட்சியும் பார்க்கிற நாம், அதே ராஜா கட்டிய இன்னொரு மாளிகை இங்கே இருப்பதைக் கேள்விப்பட்டது கூட இல்லை.

சரி, கோயிலுக்குள்ளாவது பார்த்தோமா? தரிசனம் செய்தோம். பார்த்தோமா?

இது ஒரு கோயில் இல்லை, இரண்டு. வடகிழக்கே வடபத்ரசாயி. தென்மேற்கே ஆண்டாள். நடுவில் நந்தவனம். அந்தத் துளசிச் செடியடியில்தான் பெரியாழ்வார் குழந்தையைக் கண்டெடுத்தார் என்பது ஐதீகம். நாம் போட்டோ எடுத்துக்கொள்கிற பதினோரு நிலைக் கோபுரம், சுமார் 192 அடி, ஆண்டாளுடையது அல்ல. வடபத்ரசாயியுடையது. ‘ஆண்டாள் கோயில் கோபுரம்’ என்று சொல்லிச் சொல்லியே பெருமாளுக்குப் பட்டா இல்லாமல் செய்துவிட்டோம். பாண்டியன் சபையில் வாதில் ஜெயித்து வாங்கிய பொற்கிழியைக் கொண்டு பெரியாழ்வார் கட்டியது என்று தலபுராணம் சொல்லும். நாயக்கர் காலத்துத் திருப்பணி கல்லிலேயே தெரியும். மண்டபத் தூண்களில் வீரபத்திரர், அர்ச்சுனன், கர்ணன் என்று ஆளுயரத்துக்கு மேல் சிலைகள். மீசையும் நரம்பும் நகமும் தெரியும். க்யூவில் நிற்கும்போது முதுகு சாய்த்துக்கொள்ள வசதியாக இருக்கின்றன என்பதற்கு மேல் அவற்றோடு நமக்கு உறவு இல்லை.

ஆண்டாளின் தோளில் இருக்கும் கிளியையே எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் புதிதாகக் கையால் செய்கிற பச்சைக் கிளி. அலகுக்கு மாதுளம் பூ. உடம்புக்கு மரவள்ளி இலை. பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். நல்லது. ஆனால் மரவள்ளி நம் ஊர்ச் செடியா? தென்னமெரிக்காவில் பிறந்து, போர்த்துகீசியர் கப்பலில் கடல் தாண்டி நம் மண்ணுக்கு வந்தது. ஆண்டாளை எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அப்படியானால் அந்தக் கிளியின் சிறகில் பாசுரக் காலமும் இருக்கிறது, அதற்குப் பல நூறு வருடம் கழித்து வந்த கப்பல் வியாபாரமும் இருக்கிறது. வந்தவரை எல்லாம் வரித்துக்கொண்ட ஒரு ஊரின் கதை அந்த உள்ளங்கை அகலக் கிளிக்குள் அடங்கியிருக்கிறது. எந்தக் கைடு இதைச் சொன்னார்? எந்தப் போர்டில் எழுதியிருக்கிறது?

கோயிலை விட்டு வெளியே வாருங்கள். திருமுக்குளம். அந்தப் பக்கம் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில். பெருமாள் ஊரில் இவ்வளவு பெரிய சிவன் கோயிலா என்று ஆச்சரியப்படுவீர்கள். திருமலை நாயக்கருக்குத் தீராத வயிற்று வலி வந்தது, இந்த வைத்தியநாதர்தான் தீர்த்தார் என்று கதை. அதற்கப்புறம் இங்கே உச்சிக்கால பூஜை முடிந்த பிறகே மதுரையில் மன்னர் இலையில் கை வைப்பாராம். பூஜை முடிந்தது மதுரைக்கு எப்படித் தெரியும்? செல்போனா இருந்தது? வழி நெடுக மண்டபங்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நகரா வைத்தார்கள். இங்கே முரசு அடித்தால் அடுத்த மண்டபத்துக்காரன் கேட்டு அடிப்பான், அவன் அடிப்பதைக் கேட்டு அடுத்தவன். எழுபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒலியாலேயே ஒரு தந்திக் கம்பி!

கதையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு மசாலா என்பது இருக்கட்டும். மதுரைச் சாலையோரம் தென்படுகிற பழைய கல் மண்டபங்களைக் காட்டி ‘நகரா மண்டபம்’ என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அவை மொத்தம் எத்தனை? எத்தனை நிற்கின்றன, எத்தனை விழுந்தன? எதன் கல் எந்த வீட்டுக்கு வாசற்படி ஆயிற்று? திருமங்கலம் - ராஜபாளையம் நான்கு வழிச் சாலை திட்டம் போட்டபோது எத்தனை பாலம், எத்தனை சுங்கச்சாவடி என்பதெல்லாம் காகிதத்தில் இருந்தது. மண்டபங்களையும் அப்படி ஒருவர் உட்கார்ந்து எண்ணி, ஊர்க்காரனுக்குத் தெரிகிற மாதிரி எழுதி வைத்தாரா?

என் வழக்கின் மையம் இதுதான். நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித்தருகிற பாலபாடம் ஒன்று உண்டு: ரிஜிஸ்டரில் ஏற்றாத சொத்து திருடு போனால் கம்ப்ளெயின்ட் கூடக் கொடுக்க முடியாது. என்ன இருந்தது என்று தெரிந்தால்தானே என்ன போயிற்று என்று சொல்ல முடியும்? நம் ஊர்களின் வரலாற்றுக்கு ஸ்டாக் ரிஜிஸ்டர் கிடையாது. அதனால் தினமும் கொஞ்சம் காணாமல் போகிறது, யார் வீட்டிலும் ஒப்பாரி கேட்பதில்லை.

எண்ணத் தெரியாதவர்களா நாம்? மேற்கே மலையைப் பாருங்கள். சாம்பல் நிற அணிலுக்கு 1988-ல் சரணாலயம் அறிவித்தோம். 2021-ல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. அணிலை எண்ணுகிறோம். புலியை கேமரா வைத்து எண்ணுகிறோம். பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கினோம். எது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, எந்த எல்லைக்குள் செய்தால் அந்தப் பெயர் போடலாம் என்பதெல்லாம் சட்டப்படி ஆவணத்தில் ஏறிவிட்டது. நான் சந்தோஷப்படுகிறேன். ஒரு இனிப்பின் பிறப்புச் சான்றிதழை இவ்வளவு கவனமாக எழுதத் தெரிந்த கை, அந்த இனிப்பு விற்கிற தெருவின் வயதை எழுத மட்டும் ஏன் மறுக்கிறது?

பக்கத்து ஊருக்கு வாருங்கள். டவுன் பஸ்ஸில் ஏறினால் பத்துப் பதினோரு கிலோமீட்டர். ராஜபாளையம்.

‘அங்கே என்ன ஸார் இருக்கு, மில்லும் நாயும்தானே?’ என்பீர்கள். அந்த நாய்க்காவது 2005-ல் தபால் தலை கிடைத்தது. மனிதர்களுக்கு?

விஜயநகர, நாயக்கர் காலங்களில் ஆந்திரப் பக்கமிருந்து வந்து, இன்றும் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற ராஜுக்கள் உண்டாக்கிய ஊர் அது. பழையபாளையம், புதுப்பாளையம் என்று தெருப் பெயரிலேயே ஊர் வளர்ந்த வரிசை இருக்கிறது. 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா அங்கே நூற்பு மில் ஆரம்பித்தார். மழையை நம்பி வானம் பார்த்த சீமை, சங்குச் சத்தத்துக்கு எழுந்து ஷிஃப்டுக்குப் போகிற சீமையானது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறி போட்டு நெய்வது பட்டல்ல, பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரியில் உங்கள் காயத்தில் சுற்றியது அந்த ஊர்த் துணியாக இருக்கலாம். ஒரு ஊர் உங்கள் ரத்தத்தைத் துடைத்திருக்கிறது, உங்களுக்கு அதன் பெயர் தெரியாது.

அப்புறம் பி.எஸ்.குமாரசாமி ராஜா. 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்த ராஜபாளையத்துக்காரர். கோபுர முத்திரை பிறந்ததும் அதே 1949-ல்தான். இந்து சமய அறநிலையச் சட்டம் 1951-ல் இயற்றப்பட்டதும் அவருடைய ஆட்சிக் காலத்தில்தான். அதாவது இன்று தமிழ்நாட்டின் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கோயில்களை நிர்வகிக்கிற துறையின் சரித்திரத்தில் இந்த மண்ணின் மனிதர் ஒருவர் இருக்கிறார். 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் அவரையே தோற்கடித்தார்கள் ஜனங்கள். பிறகு ஒரிஸ்ஸா கவர்னர் ஆனார். வாழ்ந்த வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்துவிட்டார்.

முதல் மந்திரியாக இருந்தவர் வீட்டை ஊருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் விட்டலாச்சார்யா படக் கதை என்று நினைப்பார்கள். அதனாலேயே சொல்ல வேண்டும். அந்த வீடு ஒரு நினைவுச் சின்னம். மில் வாசலும் நினைவுச் சின்னம்தான். ஒரு ஊர் கோயிலும் கோர்ட்டும், மற்றது மில்லும் மார்க்கெட்டும். பதினோரு கிலோமீட்டருக்குள் தமிழ்நாட்டின் இரண்டு காலங்கள் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. வேறு தேசமாயிருந்தால் இந்தப் பதினோரு கிலோமீட்டரை நடத்திக் காட்டியே நாலு குடும்பம் பிழைத்திருக்கும்.

வேறு தேசம் என்றதும் நியூரம்பெர்க் நினைவுக்கு வருகிறது. ஜெர்மனிக்குப் போய் வந்த நண்பர்கள் தவறாமல் காட்டுகிற போட்டோக்கள் அந்த ஊருடையவை. கோட்டை, சர்ச், சாய்வுக் கூரை வீடுகள். ‘எப்படிப் பழமை மாறாம வெச்சிருக்கான் பார்!’ என்று பெருமூச்சு விடுவார்கள். அதில் ஒரு விஷயம் அவர்களுக்குத் தெரியாது. அந்தப் ‘பழமை’யில் பெரும்பகுதி நம்மில் பலருடைய அப்பாக்களைவிட இளையது.

1945 ஜனவரி 2-ஆம் தேதி ராத்திரி குண்டு போட்டார்கள். பழைய நகரத்தில் சுமார் தொண்ணூறு சதவிகிதம் நாசம். சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டு கான்க்ரீட் பெட்டிகளாகக் கட்டியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர்கள் பழைய தெருக்கள் எங்கே வளைந்தனவோ அங்கேயே வளைத்தார்கள். புதிய வீடானாலும் பழைய உயரம், பழைய கூரைச் சாய்வு. ஆல்பிரெக்ட் டியூரர் என்ற ஓவியர் 1509 முதல் 1528-ல் சாகிற வரை வாழ்ந்த வீடு அங்கே மியூசியம். ஓவியனின் வீடு! நம் முத்திரையை வரைந்த ஓவியர் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று நம்மில் யாராவது கேட்டதுண்டா?

இன்னொரு ஒற்றுமை கேளுங்கள். அந்த ஊருக்கும் ஒரு இனிப்பு உண்டு. லெப்கூகென் என்று மசாலா போட்ட ஒரு கேக். அதற்கும் ஐரோப்பாவில் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது, 1996-லிருந்து. ஆனால் இனிப்போடு அவர்கள் நிற்கவில்லை. கசப்பையும் வைத்திருக்கிறார்கள். ஹிட்லர் கட்சி மாநாடு நடத்திய மைதானம் அந்த ஊரில்தான். இடித்துத் தள்ளி அபார்ட்மென்ட் கட்டாமல், 2001-ல் அங்கே ஆவண மையம் திறந்தார்கள். நாஜித் தலைவர்களை விசாரித்த கோர்ட் அறையையும் காட்டுகிறார்கள். ‘எங்கள் ஊரில் இப்படியும் நடந்தது’ என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து சொல்கிறார்கள்.

நாம்? பெருமையையும் எழுதி வைப்பதில்லை, சிறுமையையும் எழுதி வைப்பதில்லை. இந்தக் கோயில்களின் நான்கு தெருவில் ஒரு காலத்தில் யார் நடக்கலாம், யார் நடக்கக்கூடாது என்று இருந்தது. மில்லில் யார் எந்த வேலைக்குப் போனார்கள், கூலி எவ்வளவு என்றும் ஒரு கதை உண்டு. அதெல்லாம் வரலாறு இல்லையா? ராஜாவும் ஆழ்வாரும் மட்டும்தான் வரலாறு என்றால், ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு ஊரே சொந்தமில்லை என்று ஆகிவிடும்.

சண்டை என்றால் மட்டும் நமக்கு வரலாறு ஞாபகம் வந்துவிடுகிறது. 2018 ஜனவரியில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றி ராஜபாளையத்தில் பேசினார். தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்தது. உண்ணாவிரதம், ஊர்வலம், போலீஸ் புகார், டி.வி. விவாதம். 2024 டிசம்பரில் இளையராஜா ஆண்டாள் கோயிலுக்கு வந்தபோது அர்த்தமண்டப வாசலில் நடந்ததைப் பற்றி நாள் கணக்கில் பேசினோம். இரண்டிலும் எந்தப் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கோபப்பட்டவர்களைக் கேட்கிறேன். ஆண்டாளின் மானத்துக்காகத் தெருவில் இறங்கிய பல்லாயிரம் பேரில், ஆண்டாள் நடந்த ஊரில் என்ன மிச்சமிருக்கிறது என்று கணக்கெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கியவர்கள் எத்தனை பேர்? கருத்துச் சுதந்திரத்துக்காகக் கொடி பிடித்தவர்களில், நாயக்கர் மாளிகைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? சொல்லுக்காகச் சட்டையைப் பிடிக்கிறோம். கல் உதிர்ந்தால் செருப்புக்காலால் ஒதுக்கிவிட்டுப் போகிறோம்.

‘அரசாங்கம் என்ன செய்கிறது?’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். பாரம்பரிய ஆணையம் அமைக்க தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றியது 2012-ல். அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 2024-ல். பன்னிரண்டு வருடம்! குறிஞ்சிப் பூவே அதற்குள் ஒரு தடவை பூத்துவிடும். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் பழைய சின்னங்களையும் காப்பாற்ற 75 உத்தரவுகள் போட்டது. நீதிபதிகள் 75 விஷயத்தைச் சொல்லித்தர வேண்டியிருந்தது என்றால், நாம் எத்தனை விஷயத்தைச் செய்யாமல் விட்டிருக்கிறோம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் தமிழ்நாடு முழுக்கவே நூறைச் சுற்றித்தான். நம் ஒரு தாலுகாவிலேயே நூறு தேறும்.

ஆனால் பாதிப் பழி அரசாங்கத்துக்கு, மீதி நமக்கு. திருப்பணி என்ற பெயரில் தமிழ்நாட்டுக் கோயில்களில் நடந்தவற்றில் பலவும் நன்கொடையாளர் காசில் நடந்தவைதான். கருங்கல் தரை மேல் வழவழப்பான டைல்ஸ். தூண் மேல் எனாமல் பெயின்ட். கல்வெட்டு மேல் ஸ்விட்ச் போர்டு. அழுக்குப் போகட்டும் என்று மணல் பீய்ச்சி அடித்ததில் அழுக்கோடு சிற்பத்தின் மூக்கும் போயிற்று. அதற்கு அரசே தடை போட வேண்டி வந்தது. ராஜராஜன் கல்வெட்டில் பெயர் பொறித்தான் என்பது மட்டும் நமக்கு மறக்கவில்லை. ‘உபயம்’ என்று நாமும் ஒரு சலவைக்கல் பதிக்கிறோம், அவன் கல்வெட்டின் மேலேயே.

உடனே ஒரு குரல் கேட்கும்: “குழாயில தண்ணி வரல, பையனுக்கு வேலை கிடைக்கல, உமக்கு மண்டபமும் மாளிகையுமா?”

நியாயமான கோபம். நான் காசுக் கணக்கிலேயே பதில் சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிற ஒருவர் ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பினால் ஊருக்குக் கிடைப்பது ஒரு பால்கோவா பெட்டி லாபம். அவரே காலையில் கோயில், பதினோரு மணிக்கு மாளிகை, மத்தியானம் மடவார் வளாகம், சாயங்காலம் ராஜபாளையத்தில் கலைமன்றம், மறுநாள் சத்திரப்பட்டித் தறி, மலையடிவாரம் என்று தங்கினால், லாட்ஜுக்கு வாடகை, மெஸ்ஸுக்குச் சாப்பாடு, ஆட்டோவுக்குச் சவாரி, படித்த பையனுக்கு வழிகாட்டி வேலை. கோபுரத்தைப் பார்க்கக் கூட்டம் தானாக வருகிறது. விளம்பரச் செலவு பூஜ்யம். வந்த கூட்டத்தை ஒரு ராத்திரி நிறுத்திவைக்கத் தெரியவில்லை நமக்கு. எந்த மளிகைக் கடை அண்ணாச்சியும் இப்படி வியாபாரம் பண்ண மாட்டார்.

‘சாலை வேண்டாமா, வளர்ச்சி வேண்டாமா?’ என்று இன்னொரு குரல். வேண்டும். மண்டபம் குறுக்கே நின்றால் கல்லுக்கு நம்பர் போட்டுப் பிரித்து நாலு அடி தள்ளிக் கட்டுங்கள். நாகார்ஜுனசாகர் அணை கட்டியபோது முழுகவிருந்த பௌத்தச் சின்னங்களைப் பெயர்த்து மேட்டில் கொண்டுபோய் வைத்தது நம் தேசம்தான். 1960-களில், இன்றைய கிரேனும் கம்ப்யூட்டரும் இல்லாத காலத்தில். ஆனால் தள்ளி வைப்பதற்கும் முதலில் அது அங்கே இருக்கிறது என்று ஒரு காகிதம் சொல்ல வேண்டும்.

ஆகவே நான் கேட்பது கோடிக்கணக்கில் திட்டம் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம்.

ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லைக்குள் இருக்கிற பழைய கட்டடம், மண்டபம், குளம், கிணறு, கல்வெட்டு, மில், பள்ளிக்கூடம், தெருப் பெயர் எல்லாவற்றையும் வார்டு வார்டாக எழுதி, போட்டோ ஒட்டி, ஆபீஸ் வாசலில் மாட்ட வேண்டும். தனியார் வீடு என்றால் யாரும் பிடுங்கப் போவதில்லை. எழுதி வைத்தால் போதும். வருடா வருடம் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். போன வருடம் இருந்தது இந்த வருடம் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கமிஷனர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு வரிக்குப் பயந்தே பாதி இடிப்பு நின்றுபோகும். நான் பார்த்த எந்த நகராட்சி ஆபீஸ் வாசலிலும் இப்படி ஒரு பட்டியல் தொங்கிப் பார்த்ததில்லை. சொத்துவரி பாக்கிப் பட்டியல் தொங்குகிறது.

கணக்கெடுக்க ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். இரண்டு ஊரிலும் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை காலேஜ்! ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆளுக்கு ஒரு தெருவுக்கு அனுப்புங்கள். தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டு எழுதட்டும். ஷாஜஹானின் பிள்ளைகள் பெயரை வரிசை தப்பாமல் ஒப்பிக்கிற பிள்ளைக்கு, தன் தெரு ஏன் அந்தப் பெயரில் இருக்கிறது என்று தெரிவது ஒன்றும் தேசத் துரோகம் ஆகிவிடாது.

நீங்கள் சென்னையிலோ கோவையிலோ இதைப் படித்துக்கொண்டிருந்தால், ‘நமக்கென்ன, அது தெற்கத்தி ஊர் விவகாரம்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் தெருமுனையில் ஒரு பழைய கிணறு இருந்ததே, அது எப்போது மூடப்பட்டது? யார் மூடினார்கள்? பதில் தெரியாது என்றால் இந்த வழக்கில் நீங்களும் எதிரிதான். ஆஜராகுங்கள்.

அடுத்த முறை ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் பால்கோவா வாங்குங்கள், வேண்டாமென்று சொல்ல மாட்டேன். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எப்போது செய்தது, எத்தனை நாள் தாங்கும் என்று அச்சடித்திருக்கும். அப்படியே நகராட்சி ஆபீஸ் படியேறி, இந்த ஊரில் எத்தனை பழைய மண்டபம் இருக்கிறது, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டுவிட்டு வாருங்கள். நாலு பேர் கேட்டால் முறைப்பார்கள். நானூறு பேர் கேட்டால் நோட்டுப் புத்தகம் வாங்குவார்கள்.